சாரதியற்ற வண்டியும் மக்கள் மனமும்



எமது நாவிதன்வெளிப் பகுதியில் வயது முதிர்ந்த கமக்காரர் எவரையேனும் அணுகி, சாரதி இல்லாமல் வண்டி ஓடுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் வியப்படைய மாட்டார். "ஏன் ஓடாது? ஓடியிருக்கிறதே!" என்று விடை பகர்வார். சூடடித்த நெல்லை ஏற்றிக்கொண்டு வட்டையிலிருந்து இரவில் புறப்படும் மாட்டுவண்டியில் வண்டிக்காரர் மூடைமீது சாய்ந்து உறங்கிவிடுவது அக்காலத்து வழக்கம். மாடுகள் வழியறிந்து நடக்கும். திரும்ப வேண்டிய மூலையில் திரும்பும். வீட்டுப் படலைக்கு முன்னால் வந்து நிற்கும். என் பாட்டனாரின் வண்டியில் சிறுவனாக இருந்து நானே அவ்விதம் பயணம் செய்திருக்கின்றேன்.

ஓரிரவு நடுவழியில் மாடுகள் நின்றுவிட்டன. பாட்டனார் விழித்தெழுந்து பார்த்தார். வாய்க்கால் உடைத்துப் பாதையின் குறுக்கே நீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இறங்கிக் கம்பால் ஆழம் பார்த்து, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்து வண்டியைக் கரையேற்றினார். மற்றொரு நாள் அதே மாடுகள் அயலவரின் வேலியொன்றை முறித்துவிட்டன. மறுநாட் காலையிலே பாட்டனார் கம்பும் கயிறும் கொண்டு சென்று வேலியைத் தாமே கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். மாடு செய்த பிழைக்கு நான் என்ன செய்வேன் என்று அவர் சொன்னதில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளும் பல்லாண்டுகளுக்குப் பின்னர் என் நினைவுக்கு வந்தமைக்குக் காரணம், எமது பாடசாலை மாணவியொருத்தி வகுப்பிலே எழுப்பிய வினா. சுக்கானும் இல்லாது, சாரதிக்கு ஆசனமும் இல்லாது, சிறு அறை போன்ற தோற்றத்துடன் ஓடும் மின்சார பஸ்ஸின் படமொன்றைப் பத்திரிகையிற் கண்டு மாணவரிடம் காட்டினேன். பையன்கள் ஆரவாரித்தனர். அது எப்படித் திரும்பும், எப்படி நிற்கும் என்ற கேள்விகளுக்கெல்லாம் எனக்குத் தெரிந்தவரை விடை கூறினேன். கூரைமேல் அமைந்த கருவி ஒளிக்கதிரை வினாடிக்குப் பல இலட்சம் தடவை வீசி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு எதிரிலுள்ள பொருளின் தூரத்தை அளக்கின்றது. கமராக்கள் உருவத்தைக் காண்கின்றன. கணினி தன்னுள்ளே பதிந்துள்ள வீதிப் படத்தோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்து வண்டியைச் செலுத்துகின்றது என்றேன். அப்பொழுது பின்வாங்கில் இருந்த அம்மாணவி எழுந்து, "சேர், அந்த பஸ் ஒருத்தர இடிச்சிட்டா ஆரப் பிடிச்சு மறியல்ல போடுற?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக உலகத்தின் சட்ட மன்றங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியல்லவா அது!

இயந்திர வண்டியைக் கண்டு மக்கள் அஞ்சிய வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் இங்கிலாந்திலே 1865ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டத்தை எடுத்துக் காட்டி நகையாடுவர். நீராவியால் இயங்கும் வண்டிகள் நாட்டுப்புறத்திலே மணிக்கு 4 மைலுக்கும், நகரத்திலே 2 மைலுக்கும் மேற்பட்ட வேகத்திற் செல்லலாகாது. வண்டிக்கு 60 யார் முன்னதாக ஒருவர் செங்கொடி ஏந்தி நடந்து செல்ல வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. கொடி பிடிக்கும் கட்டாயம் 1878இல் தளர்ந்தது. வண்டிக்கு முன்னே ஆள் நடக்க வேண்டும் என்ற நிபந்தனை 1896இலேயே நீங்கி, மணிக்கு 14 மைல் வேகம் அனுமதிக்கப்பட்டது. இது மூடத்தனம் என்று சொல்லிக் கடந்துவிடுதல் எளிது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குதிரை மிரண்டாலும் குழந்தை குறுக்கே ஓடினாலும் எவரைக் கூவியழைத்து நிறுத்தச் சொல்வது என்பதை வீதியில் நின்றவன் அறிந்திருந்தான். கொடி பிடித்தவன் வண்டியின் முகமாய் விளங்கினான். அவன் அகன்ற அவ்வாண்டிலேயே, 1896 ஓகஸ்டில், லண்டனில் மோட்டார் வண்டி மோதி நடைபாதசாரியான ஒரு பெண் இறந்தார். அதை விபத்து மரணம் என்று விசாரணை மன்றம் முடிவு செய்தது.

இயக்குபவர் இல்லாத வாகனத்தில் மனிதர் முதன்முதலாகப் பெருந்தொகையில் ஏறியது வீதியிலன்று, மாடிக் கட்டடங்களிலே. மின்தூக்கி என நாம் வழங்கும் பெட்டியை முன்னர் ஓர் ஊழியர் உள்ளே அமர்ந்து இயக்குவார். பொத்தானை அழுத்தினால் தானே செல்லும் தூக்கி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டுபிடிக்கப்பட்டு விட்டபோதிலும், ஆளில்லாத பெட்டியில் ஏறப் பொதுமக்கள் பெரிதும் தயங்கினர். 1945 செப்டெம்பரில் நியூயோர்க் நகரத்துத் தூக்கி இயக்குநர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தஞ் செய்தபோது, வானளாவிய மாடங்களில் அலுவல் பார்ப்போர் படியேறி மூச்சிரைத்தனர். கட்டட உடைமையாளர் தானியங்குந் தூக்கியை நாடியது அதன் பின்னரே வலுப்பெற்றது. அச்சத்தைப் போக்கப் பெட்டிக்குள்ளே அவசர நிறுத்தப் பொத்தானும் தொலைபேசியும் வைத்தனர். இன்று கொழும்பிலே வைத்தியசாலையில் ஏழாம் மாடிக்குச் செல்லும் எம்மூர்க் கிழவி ஒருத்தி, தன்னைத் தூக்கிச் செல்வது யார் என்று கேட்பதில்லை.

அடுத்த படி தண்டவாளம். 1968இல் லண்டனில் திறக்கப்பட்ட விக்டோரியா நிலக்கீழ்ப் பாதையிலே புகையிரதம் தானே புறப்பட்டுத் தானே நிற்கும் வகையில் அமைக்கப்பட்டது. எனினும் முன்னறையில் ஓர் ஊழியரை இருத்தினர். கதவை மூடி, இரு பொத்தான்களை ஒருசேர அழுத்துவது அவர் பணி. வண்டிக்குத் தேவைப்பட்டதோ இல்லையோ, பிரயாணிகளின் மனத்துக்கு அவர் தேவைப்பட்டார் என்றே எனக்குத் தோன்றுகின்றது. முன்னறையில் எவருமே இல்லாத நகர இரயில் ஜப்பானின் கோபே நகரிலே 1981இலும், பிரான்சின் லீல் நகரிலே 1983இலும் ஓடத் தொடங்கியது.

இனி, தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் விளங்கும் சிங்கப்பூருக்கு வருவோம். சாரதியற்ற வண்டி விடயத்தில் ஆசியாவிலே படிப்படியாகவும் நிதானமாகவும் நடந்த நாடு எதுவென்றால் இச்சிறு தீவையே முதலிற் சுட்டலாம். ஆனால் அங்கும் இக்கதை கணினியோடு தொடங்கவில்லை. பஸ் தொழிலாளரோடு தொடங்குகின்றது.

1955 மே மாதத்தில் ஹொக் லீ பஸ் கம்பனித் தொழிலாளர் செய்த போராட்டம் பெருங் கலவரமாக மூண்டு நால்வரின் உயிரைக் கொண்டது. அந்நாளில் ஒரு பஸ்ஸிலே சாரதி ஒருவர், சீட்டுக் கொடுக்கும் நடத்துனர் ஒருவர் என இருவர் இருப்பர். சுதந்திரத்துக்குப் பின் வந்த தசாப்தங்களில் நடத்துனர் படிப்படியாக நீக்கப்பட்டார். பணத்தைப் பெட்டியிலே போட்டுவிட்டு ஏறும் முறை வந்தது. பின்னர் சாரதிக்கும் பஞ்சம் உண்டாயிற்று. உள்ளூரார் அத்தொழிலுக்கு வர விரும்பாமையால் மலேசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஆட்களை வரவழைத்தனர். அவ்விதம் வந்த சீனச் சாரதிகள் 2012 நவம்பரில் ஊதிய வேறுபாட்டை எதிர்த்து வேலைக்குச் செல்ல மறுத்த செய்தி அந்நாட்டைத் திடுக்குறச் செய்தது. அத்தகைய வேலைநிறுத்தத்தை அந்நாடு கண்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகி இருந்தன. சாரதியற்ற வண்டிக்குச் சிங்கப்பூர் அரசு இத்துணை ஆர்வத்துடன் கதவைத் திறந்தமைக்கு இப்பின்னணியைக் காணாது வெறும் விஞ்ஞான மோகம் என்று கூறுவது வரலாறாகாது.

தண்டவாளத்திலேயே அவர்கள் தொடங்கினர். 1987இல் திறக்கப்பட்ட பெருவிரைவு இரயிலில் சாரதி இருந்தார். 1999 நவம்பரில் புக்கிட் பாஞ்சாங் என்னும் குடியிருப்பில் ஓடத் தொடங்கிய சிறு இரயிலிலோ எவரும் இல்லை. அது அடிக்கடி பழுதுற்று மக்களின் சலிப்புக்கு ஆளாயிற்று. எனினும் அவ்வனுபவம் வீண்போகவில்லை. 2003 ஜூன் 20ஆம் தேதி 20 கிலோமீற்றர் நீளமான வடகிழக்குப் பாதை முழுவதும் நிலத்தின் கீழ், முழுவதும் சாரதியின்றித் திறக்கப்பட்டது. இப்பாதையில் அமைந்த நிலையங்களுள் ஒன்றே தமிழர் நெருங்கிப் பழகும் லிட்டில் இந்தியா. கோயிலுக்கும் கடைக்கும் செல்லும் எம்மவர் சாரதியில்லாத வண்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏறி இறங்கி வருகின்றனர். சிறுவர்கள் முன்கண்ணாடியருகே நின்று, சாரதியின் இடத்திலே தாமே இருப்பதாகப் பாவனை செய்து களிக்கின்றனர். அச்சம் விளையாட்டாக மாறிவிட்டது.

அச்சம் அகன்றதென்றால் ஆபத்தும் அகன்றதென்று பொருளல்ல. 2016இல் அந்நகரின் வட்டப்பாதையிலே சாரதியற்ற வண்டிகள் காரணமின்றி அவசரப் பிறேக் இட்டு ஆங்காங்கு நின்றன. ஓகஸ்டில் தொடங்கி நவம்பரில் மீண்டும் தலைகாட்டிய இக்கோளாறு எந்த ஒரு வண்டியோடும் எந்த ஓர் இடத்தோடும் ஒட்டி நிற்கவில்லை. பொறியியலாளர் திகைத்தனர். ஈற்றில் அரசாங்கத்தைச் சேர்ந்த தரவு ஆய்வாளர் சிலர் ஒவ்வொரு கோளாறும் நிகழ்ந்த நேரத்தையும் இடத்தையும் கோடு கோடாக வரைந்து பார்த்தனர். நின்றுபோன வண்டிகளின் அருகே அவ்வவ்வேளைகளில் எதிர்த்திசையில் ஒரே வண்டி கடந்து சென்றிருந்தது தெரியவந்தது. 46ஆம் இலக்கம் பூண்ட அவ்வண்டி, தான் நலமாக ஓடிக்கொண்டே, தன்னிடமிருந்து கசிந்த அலைகளால் அயல் வண்டிகளின் சமிக்ஞையைக் குலைத்துக்கொண்டிருந்தது! துப்பறியுங் கதை போன்ற இதனை அதிகாரிகள் மறைக்காது, தாம் கண்டறிந்த விதத்தைப் படங்களோடு பகிரங்கப்படுத்தினர். மறு ஆண்டு, 2017 நவம்பர் 15ஆம் தேதி, ஜூ கூன் நிலையத்தில் நின்ற வண்டியொன்றின்மீது பின்வந்த வண்டி மோதி முப்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அதிலே சாரதி இருந்தார்; பிழைத்ததோ சமிக்ஞை மென்பொருள். ஆகவே சாரதி உள்ள வண்டி, இல்லாத வண்டி என்று நாம் போடும் கோடு, மேலிருந்து பார்ப்பதைப் போல அத்துணைத் தெளிவானதன்று.

இரயிலுக்கு வேலியும் சுவரும் உண்டு, வீதிக்கு இல்லை. வீதியிலே இம்முயற்சியைச் சிங்கப்பூர் தொடங்கியது 2016இல். அவ்வாண்டு ஓகஸ்டில் நியூட்டோனமி என்னும் கம்பனி, ஒன்-நோர்த் என்ற சிறு வட்டாரத்துக்குள் தானியங்கு வாடகைக் கார்களிற் பொதுமக்களை ஏற்றிப் பார்த்தது. கார்தான் தானியங்கி, ஆபத்தென்றாற் குறுக்கிடப் பொறியியலாளர் ஒருவர் ஆசனத்தில் இருந்தார். ஒக்டோபர் 18ஆம் தேதி அக்கார்களுள் ஒன்று லொறியொன்றோடு மெல்ல உராய்ந்தது. எவருக்கும் காயமில்லை. முயற்சி இடைநிறுத்தப்பட்டு, காரணம் ஆராயப்பட்டுப் பின்னர் தொடர்ந்தது. 2017 பெப்ரவரியில் வீதிப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டது. வாகனமென்றால் அதற்கு மனிதச் சாரதி ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்ற பழைய கருத்து சட்டப் புத்தகத்திலிருந்து அகன்றது. பரீட்சார்த்தமாக ஓட்டுவதற்கு விதி வகுக்கும் அதிகாரம் அமைச்சருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை அடுத்து, வண்டிகளுக்கென்றே சிறு வீதிகளும் சந்திகளும் செயற்கை மழையும் கொண்ட பரீட்சைக்களம் அமைந்தது. மாணவரைப் பரீட்சை எழுதவிடுவது போல வண்டியைப் பரீட்சை எழுதவிட்டனர் என்று ஓர் ஆசிரியனாகிய நான் எண்ணி மகிழ்வதுண்டு.

2019 மார்ச்சில் 12 மீற்றர் நீளமும் எண்பது பேரை ஏற்றும் வசதியுங் கொண்ட முழு அளவான தானியங்கு மின்சார பஸ்ஸை அப்பல்கலைக்கழகமும் வொல்வோ நிறுவனமும் காட்சிக்கு வைத்தன. அவ்வாண்டிலேயே செந்தோசாத் தீவிலே உல்லாசப் பிரயாணிகளைச் சிற்றூர்திகள் ஏற்றித் திரிந்தன. 2021 தொடக்கத்தில் விஞ்ஞானப் பூங்காவிலும் ஜூரோங் தீவிலும் கட்டணம் வாங்கி ஓட்டிப் பார்த்தனர். 2025 செப்டெம்பரில் பொங்கோல் என்னும் புதிய குடியிருப்பின் உள்வீதிகளிற் சேவை நடத்த இரு கூட்டு நிறுவனங்கள் தெரிவு செய்யப்பட்டன. முதற் கட்டத்தில் வண்டியில் ஒரு பாதுகாப்பு ஊழியர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சாரதியற்ற முதல் இரயிலுக்கும் இதற்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள். அவசரப்படாமை இவர்களின் பெரும் பலம்.

அவசரப்பட்ட இடங்களில் நடந்தது என்ன? அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலே 2017 நவம்பர் 8ஆம் தேதி சாரதியற்ற சிறு பஸ் ஒன்று விழாவெடுத்துத் தொடக்கி வைக்கப்பட்டது. தொடங்கிய இரண்டு மணி நேரத்துக்குள்ளே லொறியொன்று பின்நோக்கி வந்து அதன்மீது முட்டிவிட்டது. குற்றம் லொறிச் சாரதியுடையதே என்று பொலிஸார் முடிவு செய்தனர். பஸ் தனக்கு விதிக்கப்பட்டவாறு செம்மையாக நின்றது. அதுவே அங்கு பிழையாயிற்று. மனிதன் ஒருவன் இருந்திருந்தால் ஹோனை அடித்திருப்பான், அல்லது சற்றுப் பின்னே எடுத்திருப்பான். வண்டியில் ஊழியர் ஒருவர் இருந்தார்தான். கையால் இயக்கும் கருவி அவர் கைக்கெட்டாமல் வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தது எனப் பின்னைய விசாரணை கூறிற்று. எனக்கு இதைப் படித்தபோது பாட்டனாரின் கம்பு நினைவுக்கு வந்தது. மாடு நிற்கலாம், இறங்கி ஆழம் பார்ப்பவரின் கையிலே கம்பு இருக்க வேண்டுமே.

லாஸ் வேகாஸில் நசுங்கியது தகரம். 2018 மார்ச் 18ஆம் தேதி இரவு அரிசோனாவின் டெம்பி நகரிலே போனது உயிர். ஊபர் நிறுவனம் பரீட்சித்துக்கொண்டிருந்த தானியங்கு கார், துவிச்சக்கர வண்டியை உருட்டியவாறு வீதியைக் கடந்த பெண்மணி ஒருவர்மீது மோதி அவரைக் கொன்றது. காரின் கருவிகள் அவரை முன்னரே கண்டிருந்தும் அவர் இன்னதென அறிய இயலாது மாறி மாறிக் கணித்தன. கண்காணிக்க அமர்த்தப்பட்டிருந்த ஊழியர் கைத்தொலைபேசியிற் காட்சி பார்த்துக்கொண்டிருந்ததாக விசாரணையாளர் கண்டனர். ஐந்து ஆண்டுகள் வழக்கு இழுபட்டு, 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவ்வூழியர் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உட்படுத்தப்பட்டார். நிறுவனத்தின்மீது குற்றவியல் வழக்கே தொடரப்படவில்லை. என் மாணவி கேட்ட கேள்விக்கு உலகம் முதன்முதற் சொன்ன விடை இதுதான்: ஆகக் கீழே இருந்தவர் அகப்பட்டார்.

இம்மரணத்தின் பின் மக்கள் மனம் எவ்வாறு மாறிற்று என்பதற்கு அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கத்தின் கணக்கெடுப்புச் சான்று பகர்கின்றது. 2017 இறுதியில் அந்நாட்டுச் சாரதிகளுள் நூற்றுக்கு 63 பேர் முற்றிலும் தானியங்கும் வண்டியில் ஏற அஞ்சுவதாகக் கூறினர். 2018 மே மாதத்தில் அத்தொகை 73 ஆயிற்று. ஐந்தாறு மாதத்துக்குள் வண்டியின் திறமை குன்றிவிட்டதா? இல்லை. குன்றியது வேறொன்று.

அதனை இன்னும் தெளிவாகக் காண்பதற்கு இரு நிகழ்ச்சிகளை ஒப்பிடலாம். 2021 ஓகஸ்டில் டோக்கியோ மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் கிராமத்திலே டொயோட்டாவின் தானியங்குச் சிற்றூர்தி, பார்வைக் குறைபாடுடைய ஜப்பானிய யூடோ வீரர்மீது மோதியது. அவர் போட்டியிற் பங்குகொள்ள இயலாது போயிற்று. நிறுவனத்தின் தலைவரே மக்கள் முன் தோன்றி மன்னிப்புக் கோரினார். சேவை நிறுத்தப்பட்டு, ஊழியர் தொகையும் எச்சரிக்கை ஒலியும் கூட்டப்பட்டுச் சில நாட்களிலே மீண்டும் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததோ வேறு. மற்றொரு காரினால் அடிபட்டுத் தன் முன்னே வீழ்ந்த பெண்ணை குரூஸ் நிறுவனத்தின் சாரதியற்ற கார் மோதி, பின்னர் ஏறத்தாழ இருபது அடி தூரம் இழுத்துச் சென்றது. இழுத்துச் சென்ற பகுதியை அதிகாரிகளிடம் தெளிவாகத் தெரிவிக்கவில்லை என்பது வெளிவந்ததும் அனுமதிப்பத்திரம் பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இறுதியிலே அந்நிறுவனத்தின் வாடகைக் கார்த் தொழிலே கைவிடப்பட்டது. வேலியை முறித்த மாட்டினால் அன்று. முறித்ததை மூடி மறைத்தமையால் அது அழிந்தது.

இந்தியாவிலே இவ்விடயம் வேறு முகங் கொண்டது. வீதிப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி அவர்கள், வேலைவாய்ப்பைப் பறிக்கும் சாரதியற்ற கார்களை நாட்டில் அனுமதிக்கப் போவதில்லை என்று 2017இலும், அதன் பின்னர் 2023இலும் வெளிப்படையாக அறிவித்தார். ஆனால் தண்டவாளத்துக்கு அத்தடை இல்லை. 2020 டிசெம்பர் 28ஆம் தேதி டெல்லி மெற்றோவின் ஒரு பாதையிலே சாரதியற்ற இரயிலைப் பிரதமர் தொடக்கி வைத்தார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு அதே பாதைக்குரிய வண்டியொன்று பணிமனைச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தமையையும், பிறேக்கைச் சரிபார்க்காது விட்ட மனிதத் தவறே அதற்குக் காரணம் எனக் கூறப்பட்டமையையும் செய்திகளிற் படித்தவர் மறந்திரார். சென்னை மெற்றோவின் இரண்டாங் கட்டத்துக்கென வடிவமைக்கப்பட்ட வண்டிகளும் சாரதியற்றவையே. சிங்கப்பூரிலே வண்டிக்குச் சாரதி கிடைக்கவில்லை. இந்தியாவிலே சாரதிக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. ஒரே பொறி ஒரு நாட்டில் மருந்தாகவும் மற்றொரு நாட்டில் நோயாகவும் தோன்றுவதில் வியப்பென்ன? பஸ்ஸையும் முச்சக்கர வண்டியையும் நம்பி அடுப்பெரியும் வீடுகள் நிறைந்த எமது நாடு இதில் எப்பக்கம் நிற்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தின் பக்கத்திலே அண்மையில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கின்றது. ஜேர்மனி 2021இல் இயற்றிய சட்டம், சாரதியற்ற வண்டியைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் மனிதர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. பிரித்தானியா 2024 மே மாதத்தில் நிறைவேற்றிய சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, வண்டி தானே ஓடும் வேளையில் நிகழும் ஓட்டப் பிழைகளுக்கு உள்ளே இருப்பவர் குற்றவாளியல்லர், அவ்வண்டிக்கு அனுமதி பெற்ற நிறுவனமே பதில் சொல்ல வேண்டும் என்று விதித்தது. செங்கொடிச் சட்டம் பிறந்த அதே பாராளுமன்றம் இது. அன்று வண்டிக்கு முன்னால் நடந்த ஆளை நூற்றைம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் தேடிப் பிடித்திருக்கின்றது; இம்முறை அவன் வீதியில் நடக்கவில்லை, கம்பனி அலுவலகத்திலே இருக்கின்றான்.

எம்மூருக்குத் திரும்புவோம். புகையிரதம் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே எமக்கு வாய்த்தது பஸ்ஸே. 1958 ஜனவரி முதலாந் தேதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தபோது, கிராமத்தவர் அச்செந்நிற வண்டியைத் தமது சொந்த வண்டியாகவே கொண்டனர் என்று எம் முன்னோர் சொல்வர். ஓடுவதிலே பிழையிருந்தால் முறைப்பாடு செய்ய ஒரு டிப்போ இருந்தது. டிப்போவிலே ஒரு பெரியவர் இருந்தார். அது போதும். சாரதியும் வெறும் சாரதியல்லர். தரிப்பிடம் அல்லாத இடத்திலே கைகாட்டும் முதியவருக்கு நிறுத்துவார். பரீட்சைக்குப் பிந்திய பிள்ளைக்காக ஒரு நிமிடம் காத்திருப்பார். "மெதுவாப் போ மகன்" என்று பின்னாலிருந்து ஒரு தாய் சொன்னால் காலைத் தளர்த்துவார். சில சமயங்களில் தளர்த்தவும் மாட்டார், போட்டிக்கு ஓடுவார். 2025 மே மாதத்தில் கொத்மலைப் பள்ளத்தில் பஸ் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நாடு மறக்கவில்லை. மனிதன் ஓட்டினால் நலம் என்று நான் வாதாட வரவில்லை.

கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்கு வரும் வழியிலே கிட்டங்கி உண்டு. மாரி பெய்து வெள்ளம் தாம்போதிமேல் ஏறிவிட்டால் இக்கரை வேறு, அக்கரை வேறு. பாடசாலைக்கு ஆசிரியர் வர முடியாது. நோயாளி வைத்தியசாலைக்குச் செல்ல முடியாது. உழவு இயந்திரங்களும் தோணிகளுமே துணை. அந்நேரத்தில் போகலாமா, நிற்கலாமா என்று தீர்மானிப்பது யார் என்பது எமக்கு ஏட்டுச்சுரைக்காய் வினாவன்று. 2024 நவம்பர் 26ஆம் தேதி மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடக்க முற்பட்ட உழவு இயந்திரம் கவிழ்ந்து, விடுமுறையில் வீடு திரும்பிய மத்ரசா மாணவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். அவ்வாரம் எமது பாடசாலையிலும் எவரும் உரத்துப் பேசவில்லை.

நீரைக் கண்டவுடன் நின்றுவிடும் வண்டி அன்று இருந்திருந்தால் என்று என் மனம் எண்ணாமலில்லை. லாஸ் வேகாஸில் குறையாகப்பட்ட அந்தப் பிடிவாதமான நிற்றல் அவ்விடத்திலே வரமாகியிருக்கும். ஆனால் நின்ற வண்டிக்குள்ளே இருந்து, "தம்பி, எப்படியாவது அக்கரை சேர்த்துவிடு" என்று கெஞ்சும் எம்மவரின் குரலுக்கு அந்தப் பொறி என்ன மறுமொழி கூறும்? மனிதச் சாரதி இணங்கிவிடுவது அக்குரலுக்கே. அவனது இரக்கம் சில நாள் உதவுகின்றது. சில நாள் கொல்லுகின்றது.

அம்மாணவியின் வினாவுக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குச் சாரதியற்ற பஸ் ஒன்று விடுவதாயின் என்ன விதிகள் வேண்டும் என்று வகுப்பினரையே எழுதும்படி பணித்தேன். பதினொரு விதிகள் எழுதினர். வண்டியின் பக்கத்திலே அதற்குப் பொறுப்பானவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் பெரிய தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது முதலாவது. வேலையிழக்கும் சாரதிக்கு அவ்வண்டியைக் கண்காணிக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்பது ஐந்தாவது. அதை எழுதியவனின் தகப்பனார் பஸ் சாரதி. ஆடு மாடு குறுக்கே வந்தால் எவ்வளவு நேரம் நிற்பது என்பதிலே இரண்டு பாட நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசி விதியை அந்த மாணவியே எழுதினாள்: கிட்டங்கியில் தண்ணீர் ஏறினால் பஸ் இக்கரையிலேயே நிற்க வேண்டும், ஏறியவர் எவ்வளவு சத்தம் போட்டாலும் போகக் கூடாது, ஆனால் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.